நாற்பத்தைந்து வாட்

என் கணவர் பதினெட்டு வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அரியலூர் வீட்டின் முன் அறையிலேயே அவருக்குக் கட்டில் போட்டோம். தலைமாட்டில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும். பகலும் இரவும் அது ஓட வேண்டும். எதிர்ச்சுவரோரம் என் கம்ப்யூட்டர். ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துத் தரும் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. அவர் லாரியை விட்டு இறங்கியதிலிருந்து குடும்பம் அந்த வேலையில்தான் ஓடியது.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். லப்பைக்குடிக்காட்டு நிக்காஹ் வீடியோ ஒன்று, வெட்டி ஒட்டியதெல்லாம் ஒரே படமாகச் சேர்ந்து, ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மறுநாள் துபாய் திரும்புகிறார், அதற்குள் வேண்டும் என்று ஸ்டுடியோவிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, உடனே விடாமல் கத்த ஆரம்பித்தது. நான் எழுந்து அருகில் போவதற்குள் எல்லாம் சேர்ந்து அணைந்தன. ஃபேன், திரை, ஆக்சிஜன் மெஷின்.

மூலையில் அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரைத் திறக்கும் சாவி கைக்குக் கிடைக்கவில்லை. அது ஜன்னல் கட்டையில்தான் இருந்தது. கண்ணெதிரே இருந்ததைத் தேடினேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உதடு கறுத்திருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மூச்சு இல்லை. சாவி கிடைத்ததும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன்.

அவருக்கு மூச்சு சமன்பட்டதும் முதலில் கேட்டது, "வீடியோ போச்சா?" என்பது.

அந்த இன்வெர்ட்டர் அறுநூறு வாட்டுக்கு மேல் தாங்காது. ஆக்சிஜன் மெஷினுக்கே முந்நூற்றைம்பது. ஃபேனும் விளக்கும் போக மீதியை என் கம்ப்யூட்டர் ஒன்றே தாண்டிவிட்டது. சூடு கக்கும் பழைய பிராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு, ரெண்டர் ஓடினால் இருநூற்றைம்பதுக்கு மேல் இழுக்கும். அன்று அவர் மூச்சை நிறுத்தப் பார்த்தது என் பிழைப்புதான் என்று தோன்றியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் பேட்டரியும் இரண்டாக வேண்டும். அதற்கு வழியில்லை. பழைய பிராசஸர், போர்டு, கார்டு மூன்றையும் விற்று, மேலே கொஞ்சம் போட்டால் குறைவாக இழுக்கும் பிராசஸரும் போர்டும் வாங்கலாம். உடையார்பாளையத்திலிருந்து நாத்தனாரை வரவழைத்து அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, பெரம்பலூரில் பாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் வேலையைக் கேட்டதுமே ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "எடிட்டிங்குக்கு எல்லாரும் இதத்தான் எடுக்குறாங்கக்கா. செகண்ட்ஸ்தான், ஆனா செம வேகம். நூத்தி இருபத்தஞ்சு வாட்டு."

"வேகம் வேணாங்க. எது கரண்டு கம்மியா இழுக்கும், அதக் காட்டுங்க."

கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் பெட்டியை உள்ளே வைத்துவிட்டார். பிறகு அவர் அவசரப்படவே இல்லை. ஆறு கோர், அறுபத்தைந்து வாட், கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிற ஒன்றைக் காட்டினார். அறுபத்தைந்து என்று போட்டிருந்தாலும் வேலை கூடினால் தொண்ணூறு வரை போகும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் பயாஸ் செட்டிங்கில் நாற்பத்தைந்து என்று வரம்பு வைத்தால் அதற்கு மேல் ஏறாது. வோல்டேஜையும் படிப்படியாகக் குறைக்கலாம், ரொம்பக் குறைத்தால் உறைந்து நின்றுவிடும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். பிளக்கில் சொருகி வாட் பார்க்கும் மீட்டர் ஒன்றை, திருப்பிக் கொடுத்தால் போதும் என்று தந்தார்.

"லிமிட்டு போட்டா கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்க்கா. பின்னாடி தேவையில்லன்னா எடுத்து விட்டுடலாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் 'பின்னாடி' என்னோடு வந்தது. அது எப்போது என்று எனக்குத் தெரியும். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

அடுத்த மூன்று நாளும் அதே வேலை. மீட்டரை அவர் பார்க்கும்படி கட்டில் பக்கத்துப் பிளக்கில் சொருகி, கம்ப்யூட்டர் ஒயரை நீட்டி அதில் மாட்டினேன். நான் பயாஸில் ஒரு எண்ணை மாற்றி, ஒரே பாட்டை ரெண்டர் போடுவேன். அவர் படுத்தபடி மீட்டரைப் படிப்பார். முதலில் நூற்றைம்பத்தெட்டு. வரம்பு வைத்ததும் நூற்றுப்பத்து. வோல்டேஜைக் குறைக்கக் குறைக்க அதே நூற்றுப்பத்துக்குள் வேலை சற்று வேகமாக முடிந்தது. எண்களுக்கு நடுவே அவர் மூச்சு வாங்க நேரம் கொடுத்தேன். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் அந்த மூன்று நாள் சட்டை போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் திரை உறைந்து நின்றது.

"வண்டி இழுக்கலயா?" என்றார்.

"நின்னு போச்சுங்க."

"ஒரு படி ஏத்து. ரொம்ப இறுக்காத."

ஒரு படி ஏற்றினேன். ஓடியது. வரம்பு இல்லாதபோது இருபது நிமிஷத்தில் முடிந்த பாட்டுக்கு இருபத்து நான்கு நிமிஷம் ஆனது. பிறகு வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்தேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் சிலிண்டர் சாவியைப் பிடித்துக்கொண்டேன். இன்வெர்ட்டர் கத்தவில்லை. மெஷின் ஓடியது, ரெண்டரும் ஓடியது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போனது. ஒரு தடவையும் எதுவும் அணையவில்லை. ஆனால் நுரையீரல் சுருங்குவது நிற்கவில்லை. மெஷினில் ஆக்சிஜன் அளவை இரண்டிலிருந்து மூன்றுக்கும் நான்குக்கும் திருப்பினோம். ஐந்துக்கு மேல் அதில் எண் கிடையாது. ஐப்பசியில் ஒரு மத்தியானம், கரண்ட் இருக்கும்போதே, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். நான் ஏதோ ஒரு மாலை மாற்றும் காட்சியை வெட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு எப்போது நின்றது என்று தெரியவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

காரியம் முடிந்த வாரமே வாடகைக்காரர்கள் மெஷினை எடுத்துப்போனார்கள். தை முகூர்த்தங்கள் நெருங்க, வேலை குவிந்தது. ஒரு காலை பயாஸைத் திறந்து வரம்பை எடுத்துவிட்டேன். வேறு வழியில்லை, ஸ்டுடியோவில் நெருக்கினார்கள்.

அந்த மாதமே வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எங்கள் வீட்டு மெஷின் இப்போது அவள் மாமனாருக்கு வந்திருக்கிறதாம். வாடகைக்காரரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேட்டாள். ஓடும், முந்நூற்றைம்பது வாட் இழுக்கும் என்று சொன்னேன். அவள் ஒரு தாளில் எழுதிக்கொள்வது கேட்டது.

"உங்க வூட்டுக்காரருக்குத் தேவலையாயிடுச்சாக்கா? மெஷினத் திருப்பிக் குடுத்திருக்கீங்களே."

அவள் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

"தேவலைங்க" என்றேன். பிறகு, மெஷின் ஓடும்போது மிக்ஸியை அந்த லைனில் போடாதீர்கள், சிலிண்டர் சாவியைச் சிலிண்டரிலேயே கயிறு போட்டுக் கட்டி வையுங்கள் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.