விஜயதசமிப் புகை

டீசல் இன்ஜின் விடும் புகையில் மூன்று நிறம் உண்டு என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். வெள்ளை வந்தால் டீசல் எரியாமல் போகிறது. நீலம் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு வந்தால் டீசல் கூடுதல், இல்லை காற்று குறைச்சல். என் வயதுப் பெண்கள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த ஞானம் வாய்க்கக் காரணம், பெங்களூர் அல்சூரில் அப்பா நடத்திய மாவு மில். ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகும் காலம் அது. கரண்ட்டை நம்பினால் ராகி அரைக்க வந்தவர்கள் வாசலிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று, அப்பா பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்றை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அவர் கொஞ்சம் பணிவாக நடந்துகொண்டது அதனிடம் மட்டும்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் இன்ஜின் நீலப் புகை விட ஆரம்பித்தது. அப்போது அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். பீன்யாவில் அவர் ஃபிட்டராக இருந்த கம்பெனி மூடிப்போய், ஏழு மாதமாக எங்கள் முன்னறையில்தான் படுக்கை. அப்பா அவரைப் போகச் சொல்லவில்லை. அதை நான் மறுக்க மாட்டேன். சாப்பிட உட்காரும்போது மட்டும், "தொரைக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு, நாள் பூரா ஒழைச்சிட்டு வந்திருக்காரு" என்பார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டு, சத்தமாகச் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னார்: "மச்சினன் ஃபிட்டர்தானே? இந்த இன்ஜினைச் சரி பண்ணிக் காட்டட்டும். என்கிட்ட இருக்கற ஆறு இன்ஜினையும் அவன்கிட்டயே விட்டுடறேன். ஷெட்லயே தங்கிக்கட்டும்." மாமாவுக்கு அது வெறும் வேலை இல்லை. தனியாக ஓர் இடம், யாரும் கரண்டி எண்ணாத சோறு.

நாலு நாள் இன்ஜினைப் பிரித்துப்போட்டு, தேய்ந்த ரிங்குகளை மாற்றி, லைனர் மாற்றி, பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா ஸ்டார்ட் செய்தார். சைலன்சர் வாயில் என் நோட்டிலிருந்து கிழித்த காகிதம் ஒன்றைப் பிடித்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன். அப்பா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தசமி அன்னிக்கு லோடு ஏத்தும்போது பாக்கலாம்" என்றார்.

அம்மாவுக்கு அந்தத் தசமி வரைக்கும் பொறுக்கவில்லை. தம்பிக்காக அவள் ஏற்கெனவே ஒரு முறை மஞ்சள் துணியில் காசு முடிந்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். அப்பா அதைக் கண்டுபிடித்துச் சாக்கடையில் வீசினார். "என் சோத்தத் தின்னுட்டு, என் காசுலயே உன் தம்பிக்கு நேத்திக்கடனா? இன்னொரு தடவ முடிச்சக் கண்ணால பாத்தேன், அக்காவும் தம்பியும் சேந்தே பஸ் ஏறிடுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னால் செய்யக்கூடியவர்தான். என் அத்தை ஒருத்தியோடு அவர் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

ஆயுத பூஜையன்று காலை அப்பா குளிக்கப் போனதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். மஞ்சளில் நனைத்த முழ நீளத் துணி, ஒரு முனையில் காசு முடிந்தது, மடித்து என் பாவாடை மடிப்பில் செருகினாள். "இன்ஜின்ல கட்டிட்டு வா. ஆடாத எடமா, சூடு படாத எடமாப் பாத்துக் கட்டு. மேல பூவைப் போட்டு மறைச்சிடு. அப்பா பாக்கக் கூடாது."

எனக்குப் பொறுப்புத் தந்தால் பிரமாதமாகச் செய்வேன். அன்றும் அப்படித்தான் யோசித்தேன். பெரிய சக்கரம் சுற்றும், அங்கே கட்ட முடியாது. சைலன்சர் கொதிக்கும், தண்ணீர்த் தொட்டியும் கொதிக்கும். ஆடாமல், சூடாகாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பக்கவாட்டில், கவிழ்த்த கிண்ணம் மாதிரி மூடி போட்ட உருண்டைத் தகர டப்பா. மூடிக்குக் கீழே சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக இருந்தது அசிங்கமாகத் தெரிந்ததால், துணியை அந்த ஓட்டைகளின் மேலேயே மூன்று சுற்று சுற்றி இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டேன். மேலே சாமந்தி மாலை. சாமிக்கு வஸ்திரம் சாத்தினது போல இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள்.

பூஜை போட்டால் மறுநாள் சாயங்காலம் கற்பூரம் காட்டும்வரை எங்கள் மில்லில் அலங்காரத்தைக் கலைக்கக் கூடாது. வாழைக்கன்று, மாலை, சந்தனப் பொட்டோடுதான் தசமி காலையில் இன்ஜின் ஓடும். அப்பா புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஜெனரேட்டர்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா கைப்பிடியைச் சுற்றினார். முதல் மூட்டை ராகி பாதி அரையும்வரை ஒரு குறையும் இல்லை. மாவு தூசியாகக் கிளம்பிக் கொட்டகைப் பக்கம் வர வர, இன்ஜினின் குரல் கம்மியது. சைலன்சர் வாயில் சாம்பல் நிறம் தெரிந்தது, பிறகு கறுப்பு. மூன்றாம் மூட்டையில் பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு கன்னடத்தில் திட்டியபடி உள்ளே ஓடினாள். அப்பாவின் சட்டையில் கரிப் பொட்டுகள்.

"ரிங் மாத்துனியா, இல்ல வெறகடுப்பு மாட்டுனியா?" என்றார் அப்பா.

மாமா இன்ஜினை நிறுத்தினார். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தார். பனி மாதிரி நன்றாகத்தான் அடித்தது. பம்ப்பைப் பார்த்தார். டீசலை வடிகட்டினார். சைலன்சரைக் கழற்றித் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஸ்டார்ட் செய்வார், ஒவ்வொரு தடவையும் கறுப்பு. "டீசல் கூடுதல், இல்ல காத்து கம்மி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். டீசல் பக்கம் முழுதும் அவர் கை வைத்தது, அதனால் தப்பும் அங்கேதான் இருக்கும் என்று தேடினார். மாலை போட்ட பக்கத்தை அவர் தொடவில்லை. அப்பாவும் பக்கத்திலேயே நின்று, மாலைப் பக்கம் கை போனாலே, "பூஜைய கலைக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஜெனரேட்டர்காரர் எழுந்தார். "ஹோக்லி, போகட்டும் விடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாமாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார். "கையை எடு. இனிமே இத நீ தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, காத்திருந்தவர்களிடம் ராகியைத் திருப்பிக் கொடுக்க முன்பக்கம் போனார்.

மாமா குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கினார். அப்போதுதான் மாலைக்குக் கீழே துளி மஞ்சள் அவர் கண்ணில் பட்டது. மாலையை விலக்கினார். ஓட்டைகளை மூடியிருந்த துணியின் மேல் விரலை ஓட்டினார்.

"இத யாரும்மா கட்டுனது?"

"நான்தான் மாமா. அம்மா குடுத்தாங்க, எடம் நான் பாத்தேன்" என்றேன். எனக்கு அதில் பெருமை. அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் முடிச்சை அவிழ்த்துத் துணியைப் பேன்ட் பையில் திணித்துக்கொண்டு, மாலையைப் பழையபடி போட்டுவிட்டு, நேராக அப்பாவிடம் போனார். அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்."

"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்."

"இல்ல மாமா, என்னன்னு தெரிஞ்சிடுச்சு."

"என்ன தெரிஞ்சிடுச்சு? சொல்லு."

மாமா வாயைத் திறந்தார். சமையலறைக் கதவில் அம்மா நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல மாமா" என்றார். அப்பா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

ஒரு மணி நேரத்தில் மாமா பையோடு கிளம்பினார். அத்திபெலேயில் லாரி பட்டறை வைத்திருந்த ஒருவரைத் தெரியும் என்றார். அம்மா அழுதாள், ஆனால் இரு என்று சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் அவள் இல்லை. தெருமுனையில் மாமா துணியை என் கையில் வைத்து, "கோயில் உண்டியல்ல போட்டுடு. அப்பா கண்ணுல படாம" என்றார்.

சாயங்காலம் சிவாஜி நகரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். நாசிலைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். இன்ஜின் கரியே இல்லாமல் ஓடியது. "அஞ்சே நிமிஷம்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிக்காக வேண்டியதற்குச் சாமி இன்ஜினைக் குணப்படுத்தியது என்று அம்மா நம்பினாள். அது எந்த வகைக் கணக்கு என்று அவள் சாமியிடம் கேட்கவில்லை. மாமா அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர்த்தட்டை அம்மாவின் தூரத்து உறவு ஒருவர் தூக்கி வந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வேலை தெரியாதவருக்கு ரோஷம் ஒரு கேடா என்று அப்பாவின் வார்த்தையையே நானும் சொன்னேன்.

வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் எங்கள் ஆபீஸ் ஜெனரேட்டர் கறுப்பாகப் புகைத்தது. பார்க்க வந்தவன் பக்கவாட்டு டப்பாவைத் திறந்து, தூசி அடைத்த ஃபில்டரை எடுத்து என் முன்னால் தட்டினான். "மூச்சு விட முடியல மேடம், வேற ஒண்ணும் இல்ல" என்றான். அன்றைக்கு நான் மூன்று சுற்று சுற்றி இறுக்கியது இன்ஜினின் மூக்கை என்று அப்போதுதான் தெரிந்தது. அத்திபெலேக்குப் போய்ச் சொல்லலாம் என்றால், மாமா இறந்து அப்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மாமா பையோடு போன அன்றைக்குக் கோயிலில் உண்டியல் முன்னால் நின்று துணியை விரித்துப் பார்த்தேன். மஞ்சளின் மேல் வரிசையாக, ஒரே அளவில், ராகி மாவு வட்டம் வட்டமாக அப்பி இறுகியிருந்தது. யாரோ புள்ளி வைத்தது மாதிரி அழகாக இருந்தது. துணியை உதறினேன், காசை அவிழ்த்து உண்டியலில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, மாமாவுக்குச் சீக்கிரம் இன்ஜின் வேலை நன்றாக வர வேண்டும் சாமி என்று மனசாரக் கும்பிட்டேன்.