கடல் பூதம் வந்த படம்

உடன்குடிச் சந்தைக்குப் பின்னால் செம்மணலில் டூரிங் கொட்டகை போட்டபோது எனக்கு எட்டு வயது இருக்கும். யுத்தம் முடிந்திருந்த சமயம். அங்கே ஓடிய ஒரு படத்தைச் சித்தியோடு திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அதைவிட மட்டமான படத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

கடலுக்கடியில் ஒரு பூதம் ராஜகுமாரியைச் சிறை வைத்திருக்கும். கடல் என்பது இரண்டு பக்கமும் யாரோ பிடித்து ஆட்டுகிற வேட்டி. ஆலந்தலைக் கடலில் நனைந்து வளர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்து உருண்டு சிரிப்பார்கள். ராஜகுமாரி சாய்ந்தால் பாறை நகரும். பூதத்துக்குச் சாக்கில் உடம்பு, தேங்காய்த் தும்பில் முடி, கண்ணுக்கு இரண்டு பல்பு. ஒன்று எரியும், மற்றது நினைத்தால் எரியும். சாக்கு முழங்காலோடு தீர்ந்துபோனதால் அதற்குக் கீழே சாதாரண மனுஷக் கால்கள்.

அந்தக் கால்கள் என் சித்தப்பாவுடையவை. அப்போது அது எனக்குத் தெரியாது. கருப்பட்டிக் கடையில் உட்காரப் பிடிக்காமல் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, சித்தியை எங்கள் வீட்டிலேயே விட்டு மெட்ராஸுக்குப் போனவர் அவர். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. ஒருநாள் சித்தியின் தம்பி வந்து, அடுக்களை வாசலில் நின்று அவளிடம் காதோடு காதாக என்னவோ சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே சித்தி அம்மாவிடம், "பிள்ள படம் பாக்கணும்னு அழுதா, கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றாள். நான் அழவே இல்லை. ஆனால் மறுத்துப் பேச எனக்கென்ன பைத்தியமா?

ராஜகுமாரன் கத்தியை உருவியதும் சித்தி எழுந்துவிடுவாள்.

"வாளா, போவோம்."

"முடிவு என்னன்னு பாக்காண்டாமா சித்தி?"

"என்ன முடிவு. எல்லாம் நல்லாத்தான் முடியும்."

பூதத்தைக் கண்டு அவளுக்குப் பயம் என்று நினைத்தேன். பயந்தவள் ஏன் மறுபடி மறுபடி வருகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

கடைசி நாள் நான் மூங்கில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தேன். சித்தி இழுத்துப் பார்த்தாள். "ஏளா, இரிங்களா, மறைக்குல்லா!" என்று பின்னாலிருந்து பெண்கள் கத்தவே, உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ராஜகுமாரன் குத்தினான். கத்தி வளைந்தது. பூதம் தலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பாறைமேல் விழ, பாறையும் சேர்ந்து விழுந்தது. கொட்டகை முழுக்க விசில்.

"சித்தி, செத்துட்டு," என்றேன். அவள் நிமிரவில்லை.

பிணத்துக்குப் பக்கத்திலேயே ராஜகுமாரனும் ராஜகுமாரியும் பாடத் தொடங்கினார்கள். பாட்டுக்கு நடுவில், செத்துக் கிடந்த பூதம் ஒரு காலால் மற்றக் காலை நிதானமாகச் சொறிந்துகொண்டது.

"ஏலே, பூதத்தைக் கொசு கடிக்குதுலே!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். கொட்டகை அதிர்ந்தது. சித்தி முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

"சாகலளா! பாரு, காலச் சொறியுதாக பாரு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். ஒரு பூதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அப்பா, செத்த பொறவும் அந்தப் பூதம் காலச் சொறியுது!"

அம்மா என்னை முறைத்தாள். கதவுக்குப் பின்னால் சித்தி அசையாமல் நின்றாள். பூதம் யாரென்று கடைக்கு வருகிறவர் யாரோ அப்பாவிடமும் சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. அவர் கை சோற்றிலேயே நின்றது.

"எப்படிச் சொறிஞ்சுது?"

நான் தரையில் மல்லாந்து படுத்துச் செய்து காட்டினேன்.

"இன்னொருக்கக் காட்டு."

மறுபடி காட்டினேன். அப்பா சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை.

விடிந்ததும் அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் ரயிலுக்குக் கிளம்பினார். கொட்டகையைப் பிரித்துவிட்டதால் அந்தப் படத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.