எந்த ஊர் நள்ளிரவு?

நாளை நேரக்கூடிய இழப்பைத் தடுப்பதற்காக இன்றைய தேவையை முடக்கலாமா?

பூதலூர் விவசாயிகள் அறுவடை இயந்திரத்துக்கு முன்பதிவு செய்யும் இணையதளத்தை நான் கவனித்துவந்தேன். பதிவுகள் அழியாதிருக்க, நள்ளிரவில் அவை தானாக நகலெடுக்கப்படும்படி சர்வரில் அமைத்திருந்தேன். ஆனால் விடியற்காலையில், டீக்கடையில் எல்லோரும் போனை எடுக்கும் நேரத்தில், தளம் உறைந்துவிடும். மழைக்கு முன் இயந்திரம் கிடைக்காவிட்டால் விளைந்த பயிர் சாய்ந்துவிடும். நள்ளிரவில் தொடங்கும் நகலெடுப்பு விடியும்வரை இழுத்துத் தளத்தை முடக்குகிறது என்று நினைத்து, அதையே நிறுத்திவிடுவதாகத் தஞ்சாவூர் ரயிலில் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிரே, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, மடிக்கணினியோடு ஒரு பெண்மணி இருந்தார்.

“ஒட்டுக்கேட்டுட்டேன் சார், கோச்சுக்காதீங்க. நானும் சர்வர் பாக்குற ஆளுதான். காலைல அஞ்சரைக்கா நிக்குது?”

“ஆமாங்க! எப்படித் தெரியும்?”

அவர் சிரித்தார், எதற்கும் சிரித்த பிறகே பதில் சொன்னார். “நீங்க வச்சது லண்டன் நடுராத்திரிங்க. சர்வர் கடிகாரம் அந்த நேரத்துலதான் ஓடுது. நமக்கு அப்ப காலைல அஞ்சரை.”

“லண்டன்காரங்க தூங்கட்டும்னு எங்க ஆளுங்களக் காக்க வச்சிட்டேனா?”

“அங்க யாரு சார் தை மாசம் நெல்லறுக்குறா? நேரத்த மாத்துங்க, நகல நிறுத்தாதீங்க. பதிவு அழிஞ்சா, யாரு வயலுக்கு மெஷின் முதல்லன்னு அடிதடியே நடக்கும்!”

அவர் சொன்னபடி அங்கேயே மாற்றினேன். பெயரைக் கேட்பதற்குள் இறங்கிவிட்டார். அறிமுகமற்ற ஒருவனின் சிக்கல் அவருக்கு ஏன் அத்தனை மகிழ்ச்சி தந்தது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

இப்போது நகல் எங்கள் ஊர் நள்ளிரவில் எடுக்கப்படுகிறது. விடியற்காலைப் பதிவு தடையின்றி நடக்கிறது.