ரெண்டு கோட்டு மாத்திரை

என் அக்கா புருஷனுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘ரெண்டு கோட்டு’. பெயின்டர். ஒரு கோட்டு பெயின்ட் போதும் என்று வீட்டுக்காரர் சொன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெயின்ட்டுக்கு முன்னால் சுவரில் பூசும் பிரைமர் வேண்டாம் என்பவரோடு பேச்சே கிடையாது. சுவரைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்குச் சட்டைக்குள் இருப்பதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

அண்ணாந்து சீலிங் அடித்தே தோள்பட்டை போயிற்று. வீக்கமும் வலியும் குறைய டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். சாப்பிட்டபின் போட வேண்டும்; வயிறு புண்ணாகாமலிருக்கக் கூடவே இன்னொன்று. அந்த இன்னொன்றை அத்தான் ஜன்னலில் போட்டு வைத்தார். வலிப்பது தோள், வயிற்றுக்கு எதற்கு வைத்தியம் என்பது அவர் வாதம். வேலைக்கு ஓடும் அவசரத்தில் வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கினார். வலி பாதிதான் குறைந்தது. ரெண்டாவது கோட்டு வேண்டாமா? அக்கா தன் மூட்டு வலிக்கு வாங்கியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அது வெள்ளை, இது மஞ்சள். நிறம் வேறென்றால் சரக்கும் வேறு என்று இருவரும் முடிவு கட்டினார்கள். அந்த வீட்டில் ரெண்டு டாக்டர்கள் உருவான கதை இதுதான்.

கொஞ்ச நாளில் வயிறு எரிந்தது. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. மனிதர் வாயே திறக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கும்போது தலை சுற்றி வாளியோடு விழுந்தபிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. திட்டித் தீர்க்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளுத்துப்போய், ரத்தம் ஏறிக்கொண்டிருக்கக் கிடந்தவரைப் பார்த்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

ரெண்டும் ஒரே வகை மாத்திரை, சேர்த்துப் போடவே கூடாது என்றார் டாக்டர். வயிற்று மாத்திரை என்னவாயிற்று என்று கேட்டார். அத்தான் சீலிங்கைப் பார்த்தார். அவர் நகத்திலிருந்த பெயின்ட்டை டாக்டர் பார்த்தார்.

“பிரைமர் இல்லாம பெயின்ட் அடிப்பீங்களா?”

“மாட்டேங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

இப்போது தோள் வலித்தால் அத்தான் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடுவதில்லை. சீலிங்குக்கு வேறு ஆள். அக்கா தன் மாத்திரையை அடுத்த தெருவிலிருக்கும் என் வீட்டில் வைத்துவிட்டாள். சாப்பிட்ட கையோடு வந்து போட்டுக்கொண்டு போகிறாள். அத்தான் எடுத்துவிடுவார் என்று பயமா என்று கேட்டேன்.

“அவரு எடுக்க மாட்டாருடா. வலிக்குதுன்னு முனகினா நான்தான் குடுத்துருவேன்.”