மோட்டார் சைக்கிளில் நடந்த அடிகள்

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது வயது நாற்பத்தொன்று. எண்பதுகளின் கடைசி. ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. பகலெல்லாம் நாற்காலி, போகவர மோட்டார் சைக்கிள். வீட்டு வாசலில் இறங்கி உள்ளே போவதுதான் நான் நடந்த நடை.

கிளினிக்கில் கொடுத்த கலோரித் தாளை என் மனைவி வேதம் மாதிரி எடுத்துக்கொண்டாள். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, நான் தின்பதையெல்லாம் எழுதத் தொடங்கினாள். அரை வாழைப்பழம் தின்றாலும் அதில் ஏறிவிடும். எங்கள் இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. இரவுக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அதையும் அவள் நிறுத்தவில்லை. மூன்று இடியப்பம், ஒரு கரண்டி சொதி என்று குறைத்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் அவளுடைய தம்பி ஜப்பானிலிருந்து திரும்பி வந்தான். பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை, பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். வரும்போது எனக்கு ஒரு சின்ன வட்டப் பெட்டி கொண்டுவந்தான். கைக்கடிகாரம் அளவுதான் இருந்தது.

“அத்தான், இதை பெல்ட்டில மாட்டுங்கோ. நடக்க நடக்க அதுவே எண்ணும்லா,” என்றான்.

மனைவிக்கு ஒரே சந்தோஷம். நோட்டின் இடது பக்கத்தில் அடிகள், வலது பக்கத்தில் சாப்பாடு. இரண்டாயிரம் அடிக்கு ஓர் இடியப்பமும் அதற்கேற்ற சொதியும் கூடுதல். இது யாரும் சொன்ன விதியல்ல, அவளே போட்ட கணக்கு. முதல் வாரம் ஒருநாள்கூட நான் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. மற்ற இடியப்பங்கள் என் கண்ணெதிரே மூடிய சட்டியில் கிடந்தன.

தப்பு தற்செயலாகத்தான் நடந்தது. ஒருநாள் ஆபீஸ் காகிதம் ஒன்றைக் கொடுக்க பாயான் லெப்பாஸ் வரை மோட்டார் சைக்கிளில் போனேன். வழியெல்லாம் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம்! உள்ளே ஏதோ ஊசலாடித்தான் அது எண்ணுகிறது. குலுங்கினால் போதும், காலா சக்கரமா என்று பார்ப்பதில்லை. மனைவியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, “எட்டாயிரமோ!” என்று வாயில் கைவைத்தாள். தட்டில் நாலு இடியப்பம் அதிகமாக வந்தது. சொதியை அவளே ஊற்றினாள். நான் வாயைத் திறந்தது அதைச் சாப்பிடத்தான்.

அதற்குப் பிறகு தற்செயல் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வேலை முடிந்ததும் ஜெலுத்தோங் பக்கம் மேடுபள்ளமான சாலையாகத் தேடிப் போய் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஏழாயிரம், எட்டாயிரம், ஒருநாள் ஒன்பதாயிரம். அவள் தேதி போட்டு எழுதிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டில், “எங்கட இவர் இப்ப நல்லா நடக்கிறார்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. கூசியது, ஆனால் அன்றைக்கும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். எனக்கு அப்படியொரு தடித்த தோல்.

மூன்று மாதம் கழித்து இரத்தம் சோதித்தபோது சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. மனைவியும் கூட வந்திருந்தாள். சீன டாக்டரம்மா நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு நடக்கிற ஆளுக்கு ஏறக்கூடாதே என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, சமையலுக்குச் சந்தான் போடுகிறீர்களா என்று கேட்டார். தேங்காய்ப்பாலைத்தான் கேட்டார். அவள் தலையசைத்தாள். அப்படியானால் கோளாறு உங்கள் அடுப்படியில்தான், கணவர் பாடுபட்டு நடப்பதை நீங்கள் கெடுக்கிறீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். டாக்டரம்மா திட்டுவார், இவள் ஒரு வாரம் முகம் கொடுக்கமாட்டாள், அதோடு முடிந்திருக்கும். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து கடைகளின் முன்நடையில் போகும்போது அவள் சொன்னாள்: “என்ர பிழைதான் அப்பா. நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு நடக்க, நான் பாலை ஊத்தி ஊத்திக் குடுத்திருக்கிறன்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேங்காய் நின்றது. எனக்கு மட்டுமல்ல, அவளும் தொடவில்லை. அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. நீயாவது சாப்பிடேன் என்றதற்கு, உங்களுக்கு முன்னால் எனக்கு எப்படி இறங்கும் என்றாள். இடியப்பத்தை வெறும் பருப்புத் தண்ணீரில் பிசைந்து சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

சொல்லத் துணிவில்லாதவன் வேறு வழி கண்டுபிடித்தேன். உண்மையாகவே நடந்து, சர்க்கரையைக் குறைத்து, ஓசைப்படாமல் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளே பெட்டியை மோட்டார் சைக்கிள் ஏறுமுன் கழற்றிப் பையில் போட்டேன். வேலை முடிந்து கடற்கரைத் திடலில் வேர்த்து விறுவிறுக்க, முட்டி கெஞ்சுமட்டும் நடந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கொடுத்தேன்.

நாலாயிரத்து இருநூறு. என் வாழ்நாளில் நான் அதிகம் நடந்த நாள் அது.

அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள். மறுநாள் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாம் நாளும் அவ்வளவுதான். அன்று விளக்கேற்றும் நேரத்தில் நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“என்னப்பா, கால் நோகுதோ? ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

ஒன்றுமில்லை என்றேன். அவள் கேட்கவில்லை. என் இரண்டு காலையும் தூக்கி மடியில் வைத்து, கணுக்காலிலிருந்து மேலே மெதுவாக உருவிவிட ஆரம்பித்தாள்.

“பாவம், மூண்டு மாசமா எவ்வளவு தூரம் நடந்த கால். நான் சும்மா எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறன்,” என்றாள்.

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அந்தக் கால்களை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.