இரண்டாவது பூசணிக்காய்

பூசணிக்காய் ஒழுங்காக உடையாததால்தான் எங்கள் பிரஸ் மெஷின் துளையைச் சிறிதாகப் போடுகிறது என்று நான் மனமார நம்பினேன். டிப்ளமோ படித்தவன், நாற்பது வயதைத் தாண்டியவன், ஷிஃப்டுக்குப் பொறுப்பானவன். இத்தனையையும் வைத்துக்கொண்டு நம்பினேன்.

1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் போகிற வழியில் தகர ஷெட் ஒன்று, உள்ளே மூன்று பிரஸ் மெஷின்கள். வண்டிகளுக்கு வேண்டிய சின்னத் தகடுகளை வெட்டி, துளை போட்டுக் கொடுப்போம். முன்பு வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதால் இங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். புது ஆர்டர் ஒன்று பேச்சில் இருந்தது. அது கிடைத்தால் நான் பர்மனென்ட், கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி இதைக் காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். அவர் காபி கொடுக்கிற ஆளே இல்லை.

துளை சரியா என்று பார்க்கும் மேஜையில் ஒரு அம்மாள் இருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். விடிவதற்குள் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, பஸ் பிடித்து வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு மழை நாளில் லாரி வரவில்லை. நாங்கள் ஆளுக்கொரு குடையோடு சாலைக்குப் போய், பார்த்தால் வந்துவிடும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மாள் மட்டும் பெட்டிகளை எல்லாம் கட்டி வாசலருகே அடுக்கிவைத்தார். லாரி வந்தபோது நாங்கள் நனைந்திருந்தோம், சரக்கு நனையவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ஆர்டர்காரர்கள் ஆள் அனுப்புவதாக ஏற்பாடு. பூஜை தடபுடலாக நடந்தது. மெஷின், ஸ்பேனர், சுத்தியல், கதவு, மேஜை விசிறி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கடைசியில் திருஷ்டிப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிய ஆபரேட்டருக்குக் கை வழுக்கிவிட்டது. காய் உடையாமல் உருண்டு, முழுசாகப் போய்க் கால்வாயில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் ராத்திரி தூக்கம் இல்லை.

காலையில் சாம்பிளுக்காகத் தகடுகளை ஓட்டினோம். துளையைச் சோதிக்க கேஜ் என்று ஓர் எஃகுக் குச்சி உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அன்றைக்குப் போக வேண்டிய முனையே போகவில்லை. முதல் தகடு, அடுத்த தகடு, அதற்கடுத்தது, ஒன்றிலும் போகவில்லை.

நான் இரும்பைத் திட்டினேன். இரும்பு விற்றவரைத் திட்டினேன். அந்த வருஷம் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள், அதையும் சேர்த்துத் திட்டினேன். ரூபாய் இறங்கினால் துளை ஏன் சுருங்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு பதில் வைத்திருப்பேன்.

"சாரே, செத்த குந்து" என்றார் அந்த அம்மாள்.

"எப்படிம்மா உட்கார்றது? பத்து மணிக்கு ஆள் வந்துடுவான்!"

"வர்றவன நிறுத்த உன்னால முடியுமா?"

"முடியாது."

"இரும்ப இப்போ மாத்த முடியுமா?"

"அதுவும் முடியாது."

"அப்பால இன்னாத்துக்குக் கத்திகினு கீற? நம்ம கையில இன்னா கீதோ அத்தப் பாரு."

இந்த வார்த்தை எனக்குச் சுரீரென்று பட்டது. என் கையில் என்ன இருக்கிறது? யோசித்தேன். பூசணிக்காய். அது ஒன்றுதான் தோன்றியது. ஆபரேட்டரின் மொபெட்டை வாங்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் பறந்தேன். முதல் நாள் பூஜைக்கே எல்லாம் விற்றுப்போயிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, ஒரு கடைக்காரர் தன் வீட்டுக்கென்று ஒதுக்கிவைத்திருந்ததைப் பிடுங்கி வந்தேன்.

நான் போயிருந்த நேரத்தில் அந்த அம்மாள் தன் மேஜையைப் பார்த்திருக்கிறார். கேஜ் முனையில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், இரண்டும் காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தன. அது எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். ஆனால் அன்றைக்கு ஷெட்டில் பொட்டு இல்லாத பொருளே கிடையாது, சாமிக்கு வைத்ததை யாரும் துடைக்கவும் மாட்டோம். அவர் கேஜைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி, தண்ணீரில் குழைத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் முனையைத் துடைத்து முதல் தகட்டில் விட்டார். உள்ளே போனது. எல்லாத் தகடுகளிலும் போனது.

நான் வந்து சேர்ந்தபோது ஆர்டர்காரர்கள் அனுப்பிய ஆளும் வாசலில் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி அவருக்கு வணக்கம் சொல்ல முயன்றேன்.

"இது என்ன?" என்றார் அவர்.

நான் காயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மோர்க்கொழம்புக்கு சார்" என்றார் மேஜையிலிருந்து அந்த அம்மாள். "எங்க சூப்பர்வைசரு சாப்பாட்டு விஷயத்துல ரொம்பக் கறாரு."

வந்தவர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் எழுந்துகூட நிற்கவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார், வந்தவர் தன்னுடைய கேஜை வைத்துப் பார்த்தார். இடையில் கரண்ட் போயிற்று. அந்த அம்மாள் மேஜையின் ஒரு காலைப் பிடித்து வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கமாக இழுத்தார். வந்தவர் மறு காலைப் பிடித்து உதவினார். வேலை தொடர்ந்தது.

வந்தவர் போன பிறகு, "அவன் என்ன முடிவு எடுப்பானோ!" என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன்.

"அது அவன் ஆபீசுல கீது சாரே. நீ போயி கை கால் கழுவு, மூஞ்சியெல்லாம் ரோட்டுப் புழுதி" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்துவிட்டேன். நடுங்குகிற ஆளை இவ்வளவு சின்ன வேலை ஒன்றைக் கொடுத்து நிற்கவைத்தவர் வேறு யாரும் இல்லை. அன்றைக்கு நான் உண்மையிலேயே போய்க் கை கால் கழுவினேன். நடுக்கம் பாதி குறைந்தது.

கேட்ட ஆர்டரில் பாதிதான் கொடுத்தார்கள். மீதி ஏன் வேறு ஷெட்டுக்குப் போனது என்று அவர்கள் சொல்லவில்லை. பாதி ஆர்டரே ஒரு மெஷினுக்கு முழு வேலையாக இருந்தது. முதலாளி என்னை பர்மனென்ட் ஆக்கினார்.