தலை எண்ணியவர்

ஒரகடத்தில் நான் பார்க்காத வேலை குறைவு. வெல்டிங், பெயின்ட் அடிப்பது, லோடு ஏற்றுவது, கேன்டீனில் தட்டு கழுவுவது. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. ஒரே இடத்தில் எட்டு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அதனால் புதிதாகச் சேருபவர்களுக்கு நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறேன். எல்லாக் கம்பெனியிலும் ஒரே பாடம். சைரன் அடித்தால் கேட் பக்கம் இருக்கும் பச்சைப் பலகைக்குப் போ. அதுதான் அசெம்பிளி பாயின்ட். தலை எண்ணி முடிக்கும்வரை அங்கிருந்து நகராதே.

அந்தப் பாடத்தால் ஒரு தடவை சாக இருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, மெஷின் பொருத்த எங்கள் கம்பெனி என்னையும் சேர்த்துப் பதினோரு பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. மூன்று மாத வேலை. எங்களுக்குப் பொறுப்பு ஒரு சேஃப்டி ஆபீசர். இறங்கிய அன்றே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். தொலைத்துவிடுவோமாம்.

அந்த ஊரில் பெட்ரோல் விலையை ஏற்றியதும் சனம் தெருவுக்கு வந்துவிட்டது. முதல் நாள் கோஷம். மறுநாள் மதியம் சாலையில் டயர் எரிந்த புகை எங்கள் ஷெட்டுக்குள் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி என்று எழுதிய எதையும் அவர்கள் விடவில்லை. எங்கள் சட்டையின் முதுகில் கம்பெனி பெயர் கை அகலத்துக்கு இருந்தது.

சேஃப்டி சார் எல்லோரையும் பச்சைப் பலகையின் கீழ் நிறுத்தினார். வேன் வந்தது. என்னைப் பார்த்து, "உள்ள யாராச்சும் மாட்டிக்கினு கீறாங்களா, பாத்துட்டு ஓடியா" என்றார். ஓடினேன். கழிப்பறை, ஸ்டோர், மெஷினுக்குப் பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். திரும்பி வந்தால் வேன் இல்லை. என் பாஸ்போர்ட்டும் அதோடு போயிருந்தது.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். பலகையின் கீழ் போய் நின்றேன். எண்ண ஆள் வரும், அதுவரை நகரக் கூடாது என்று நின்றேன். திறந்த வெளி, கேட்டிலிருந்து இருபது அடி, முதுகில் கம்பெனி பெயர். அரை மணி நேரம் நின்றிருப்பேன். கேட்டை உலுக்கும் சத்தம் கேட்டும் நின்றேன்.

கேன்டீனில் சமைக்கும் அந்த ஊர்ப் பெண்தான் வந்து இழுத்தாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, கை புரிந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி அடுப்பில் போட்டாள். தன் புருஷனின் பழைய சட்டையைக் கொடுத்தாள். தலையில் ஒரு வெங்காய மூட்டை. பின் வாசலில் இறங்கி, கூட்டம் போகும் பக்கத்துக்கு எதிரே போகாமல் குறுக்குச் சந்தில் நடந்தோம். நான் ஓடப் பார்த்தபோதெல்லாம் மணிக்கட்டைக் கிள்ளினாள். போனை எடுத்தபோது பிடுங்கி மூட்டைக்குள் போட்டாள். படம் எடுக்கிறவனைத்தான் முதலில் அடிப்பார்கள் என்று கையாலேயே காட்டினாள்.

அவள் வீட்டில் நான்கு நாள். கதவைத் தாழ் போட்டு, ஜன்னல் பக்கம் போகாமல், குழாயில் தண்ணீர் வரும்போதே இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைத்து. நான் பலகையின் கீழ் விறைத்து நின்றதை அவள் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஐந்தாம் நாள் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதை வைத்து ஊர் வந்தேன்.

வந்த பிறகு, வேனில் இருந்த ஃபிட்டர் ஒருவர் சொன்னார். "ஒரு ஆள் கொறையுதே சார்னு கேட்டேன்பா. 'வந்துருவான், நீ ஏறு'ன்னாரு. ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. 'பதினொண்ணு, ஃபுல்'னு சொல்லிட்டாரு." பிறகு சேஃப்டி சார் ரிப்போர்ட்டில், நான் சொல் பேச்சு கேட்காமல் ஓடிப்போனதாக எழுதினார். கம்பெனி என்னைத் திரும்ப எடுக்கவில்லை. வேலை போனது பெரிதில்லை, எனக்கு எப்போதும் போகிறதுதான். ஓடிப்போனவன் என்று எழுதியதைத்தான் நான் விடவில்லை.

போன மாதம் ஒரகடத்தில் ஒரு புதுக் கம்பெனி. குன்றத்தூர் ரூமிலிருந்து பஸ் ஏறி, நாற்பத்திரண்டு பேரில் ஒருவனாக வகுப்பில் உட்கார்ந்தேன். பாடம் நடத்த உள்ளே வந்தது அதே சேஃப்டி சார். தலைக்கு டை அடித்திருந்தார். என்னை நேராகப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை.

"வெளிநாட்டுல கலவரம். பதினோரு பேரையும் ஒரு கீறல் இல்லாம கொண்டாந்தேன். எப்படி? தலை எண்ணிக்கை!"

பக்கத்தில் இருந்தவன் என் காதில், "இன்னா பில்டப்பு! இவர வெச்சு படமே எடுக்கலாம் போல கீதே" என்றான். நான் சிரிக்கவில்லை. மதியம் ஒத்திகை இருக்கிறது, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார், மூன்று நிமிடத்தில் கணக்கு முடிய வேண்டும் என்று அவர் சொன்னபோது என் வேலை என்னவென்று தெரிந்துவிட்டது.

சைரன் அடித்தது. எல்லோரும் பலகைக்குப் போனார்கள். நான் கேன்டீனுக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். டீ பிடித்துக்கொண்டு, வலைக்கதவின் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரே ஒரு பயம் இருந்தது. ஒரு ஆள் குறைகிறது என்று அவர் சொல்லிவிட்டால் நான் தோற்றேன். கேட்டுக்கு வெளியே தள்ளுவார்கள், அவர் நல்லவர் ஆகிவிடுவார்.

அவர் விரல் நீட்டி எண்ணினார். நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஆடிட்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு, ஃபுல்" என்றார் சேஃப்டி சார் மைக்கில்.

அந்த டீயை நிதானமாகக் குடித்துக்கொண்டே போய்ப் பலகையின் கீழ் நின்றேன்.

"இன்னொரு தபா எண்ணுங்க சார்."

"எங்கய்யா போன நீ?"

"கேன்டீன்ல இருந்தேன் சார். தாழ் போட்டுக்கினு, ஜன்னல் பக்கம் போவாம. அங்கயும் அப்படித்தான் பொழச்சேன். பலகை கீழ நின்னுருந்தா செத்துருப்பேன்."

அவர் முகத்தில் என்னைக் கண்டுபிடித்தது தெரிந்தது. ஆடிட்டர் தானே ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினார். என்னோடு சேர்த்து நாற்பத்திரண்டு. சேஃப்டி சார் கையெழுத்துப் போட்ட கணக்குத் தாளை ஆடிட்டர் வாங்கி மடித்துத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

சாயங்காலம் கேட்டில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். எதிர்பார்த்ததுதான். சேஃப்டி சார் என் பின்னாலேயே வந்தார், மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நீ எப்படியும் வந்துருவேன்னு நெனச்சேன்பா. எனக்கும் குடும்பம் கீது. இத மனசுல வெச்சுக்கினு..."

"வந்துட்டேன் சார்" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன்.